வெறுங்கழுத்தோடு எடுத்த மூளைப் படம்

எனக்கு வந்த வருத்தத்தின் பெயரை எங்கள் வீட்டில் ஒருவரும் தமிழில் சொல்லவில்லை. மகள் வசந்தி டெலிபோனில் "டிப்ரெஷன்" என்பாள், உடனே குரலைக் குறைப்பாள். மருமகன் "மாமிக்கு நேர்வ்ஸ் கொஞ்சம் வீக்" என்பார். ஊரிலென்றால் பைத்தியத்துக்குச் சொல்கிற விசர் என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். டொக்டர் எனக்கு விளங்கப்படுத்தினபடி இதற்குப் பெயர் மனச்சோர்வு. பிறஷர், நீரிழிவு என்கிற சீனி வருத்தம் போல இதுவும் ஒரு நோய், ஒரு வருத்தம்தான். வயது போன ஆட்களுக்கு வரும்போது இது கவலை மாதிரி வெளியில் தெரியாதாம். சாப்பாடு இறங்காது. நித்திரை வராது. கை கால் உளையும். சொன்னது மறக்கும். பார்க்கிறவர்கள் வேறு ஏதோ என்று நினைப்பார்கள். என்னுடைய விஷயத்திலும் அப்படித்தான் நினைத்தார்கள்.

நான் ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்தவள். ஆட்களுக்கு முன்னால் கதைக்க எனக்கு வராது. கலியாண வீட்டுக்குப் போனாலும் சமைக்கிற குசினிப் பக்கத்தில்தான் நிற்பேன். எழுதும்போது ஒருவரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்ற துணிவில் எழுதுகிறேன். தாய் தகப்பனை வெளிநாட்டுக்குக் கூப்பிட்டு வைத்திருக்கிற பிள்ளைகள் இதை வாசித்தால் நல்லது.

வசந்தி எங்களுக்கு ஒரே பிள்ளை. அவளுக்குப் பிள்ளை பிறந்தபோது என்னைக் கனடாவுக்குக் கூப்பிட்டாள். இவருக்கும் சேர்த்துத்தான் ஸ்பொன்சர் பண்ணினாள். இவர் என்று நான் எழுதுவது என் வீட்டுக்காரரை. "நீ முதல்ல போ. நான் இஞ்சத்தை அலுவலை ஒருத்தரிட்டைப் பொறுப்புக் குடுத்திட்டு வாறன்" என்றார். வருகிறேன் வருகிறேன் என்று வருடங்கள் போயின. அவருக்குக் குளிருக்குப் பயம் என்று வசந்தி பகிடி பண்ணுவாள். அதற்குள் ஊரில் சண்டை வந்து சனம் எல்லாம் இடம்பெயர்ந்தது. இவரின் கடிதம் நின்றது.

கனடாவில் வெக்ஸ்போர்ட் என்ற இடத்தில் எங்கள் அப்பார்ட்மென்டில் காலையில் எல்லாரும் போய்விடுவார்கள். மகள் பக்டரிக்கு, மருமகன் மிசிசாகாவில் எயார்போட் வேலைக்கு, பேத்தி பள்ளிக்கூடத்துக்கு. நான் கடிதப் பெட்டியைப் பார்க்க லிப்டில் இறங்குவேன், ஏறுவேன், பிறகும் இறங்குவேன். கொஞ்ச நாளில் அதுவும் விட்டுப்போனது. சோறு அடிப்பிடித்து மணந்த பிறகும் அடுப்பை நிற்பாட்ட எழும்ப மாட்டேன். மணம் மூக்குக்குத் தெரியும், எழும்ப மனம் வராது. ஒரு நாள் கடைக்கென்று லோரன்ஸ் வீதி பஸ்ஸில் ஏறிக் கடைசித் தரிப்பு மட்டும் போய்விட்டேன். சாரதி வந்து தோளில் தட்டினார். எங்கே இறங்க வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இறங்கி என்ன செய்வது என்று இருந்தேன். இதை நான் வீட்டில் சொன்னபோது வசந்தி மருமகனைப் பார்த்தாள். மறதி வருத்தம் தொடங்கிவிட்டது என்று இரண்டு பேரும் முடிவு கட்டியது அந்தப் பார்வையில் தெரிந்தது.

என்னை நன்றாகத்தான் பார்த்தார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். மகள் வேலையால் வந்த களைப்போடு என் தலைக்கு எண்ணெய் வைப்பாள். மருமகன் எனக்குப் பிடிக்கும் என்று சவ்வரிசிக் கஞ்சி காய்ச்சப் பழகினார். "மாமி, அம்மம்மாமார் குடிச்சால்தான் பேத்திமார் குடிப்பினம்" என்று பகிடியாகச் சொல்லிக் கோப்பையை நீட்டுவார். கண்ணுக்கு நல்லதில்லை என்று தமிழ்ப் பேப்பர் வாங்குவதை நிற்பாட்டினார்கள். சத்தம் தலையிடிக்கு ஆகாது என்று தமிழ் ரேடியோவை மூட்டை கட்டிவைத்தார்கள். மார்கழியில் திருவெம்பாவைக்கு என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். குளிர், சளி பிடிக்கும் என்றார்கள். அந்த வருடம் தைப்பொங்கலுக்கு வீட்டில் பொங்கவும் இல்லை. மருமகனுக்கு ஓவர்டைம் என்றாள் மகள். என்னைப் போல ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு அவர்கள் எதைத்தான் கொண்டாடுவது என்று என்னை நானே குற்றம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த கோடை முடியும்போது நான் நன்றாக மெலிந்துவிட்டேன். பமிலி டொக்டர் தமிழர். நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் கேளாமல் மகளிடம் இங்கிலிசில் கதைத்தார். அடுத்த கிழமை ஒரு பெரிய ஆசுப்பத்திரியில் வயது போன ஆட்களின் மனநிலை பார்க்கிற வாட்டில் என்னை விட்டார்கள்.

அந்த வாட்டின் கதவு தானாகத் திறக்காது. ஒரு பொத்தானை அமத்தி நேர்ஸ் திறக்க வேண்டும். அதைக் கண்டவுடன் இது விசர் பார்க்கிற இடம் என்று எனக்கு விளங்கிவிட்டது. அன்று முழுக்க முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கட்டிலில் இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு இத்தாலிக்காரக் கிழவி. கறுப்புச் சட்டை, கறுப்புச் சால்வை, கறுப்புக் காலுறை. அவவுக்கு இங்கிலிஸ் என்னளவுக்குத்தான் தெரியும். முதல் நாளே என் தாலிக்கொடியைத் தொட்டு, பிறகு தன் மோதிரத்தைத் தொட்டு, மேலே கையைக் காட்டினா. தன் புருஷன் செத்துவிட்டார் என்று சொல்கிறா. என்னுடையவர் எங்கே என்று புருவத்தால் கேட்டா. நான் சன்னலுக்கு வெளியே தூரமாகக் காட்டினேன். அவ சந்தோஷமாகத் தலையாட்டினா.

வயது போன ஆட்களைப் பார்க்கிற பெரிய டொக்டர் ஒரு நரைத்த வெள்ளைக்காரப் பெண். வசந்தி இடையிலிருந்து இரண்டு பக்கமும் மாற்றிச் சொன்னாள். முதலில் ஞாபகச் சோதனை. இன்றைக்கு என்ன கிழமை, இது எந்த மாடி, மூன்று சாமானின் பெயரைச் சொல்கிறேன் பிறகு கேட்பேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டா.

"அம்மா, நாங்கள் இருக்கிறது எந்த மாகாணமெண்டு கேக்கிறா."

"வடமாகாணம்."

"ஐயோ அம்மா, இஞ்சை. இஞ்சை எந்த மாகாணம்?"

"இஞ்சையும் மாகாணம் இருக்குதோ? நீ எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே."

வசந்திக்குச் சிரிப்பும் வந்தது, முகமும் சிவந்தது. டொக்டர் கடதாசியில் பிழை போட்டா. எனக்குத் தெரியாததும் நான் மறந்ததும் அந்தக் கடதாசியில் ஒரே பிழைதான்.

அதற்குப் பிறகு டொக்டர் வேறொன்று கேட்டா. கேள்வி எனக்கு விளங்கவில்லை. ஆனால் வசந்தி அதை எனக்குத் திருப்பிச் சொல்லாமல் தானே பதில் சொன்னாள். "நோ" என்றாள். அந்தச் சொல் எனக்குத் தெரியும்.

"என்ன கேட்டவ?"

"ஒண்டுமில்லை அம்மா. உங்களுக்கு அலர்ஜி ஏதும் இருக்குதோ எண்டு."

டொக்டர் என் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுதினா. காரணம் ஒன்றும் இல்லாமல், இந்த வயதில் முதல்முதல் இப்படி வந்தால், மறதியும் கூட இருந்தால், மூளைக்குள் என்ன நடக்கிறது என்று படம் எடுத்துப் பார்க்க வேண்டுமாம்.

படம் இரண்டு வகை. ஒன்று எக்ஸ்றே மாதிரி. ஒரு வளையத்துக்குள் தலையை வைக்க அது சுற்றிச் சுற்றி எடுக்கும். கொடியைக் கீழே இழுத்துவிட்டு அதை வந்த கிழமையே எடுத்துவிட்டார்கள். கட்டி இல்லை, இரத்தக் கசிவு இல்லை. மற்றது காந்தத்தால் எடுப்பது. பெரிய காந்தத்துக்குள் ஆளை விட்டு எடுக்க மூளை அடுக்கடுக்காகத் தெரியுமாம். அந்த மெசினுக்குக் கன பேர் வெளியில் மாதக்கணக்காகக் காத்திருந்தார்கள். வாட்டில் கிடந்தபடியால் எனக்குக் கெதியில் கிடைத்தது.

படத்துக்கு முந்தின நாள் நேர்ஸ் வந்து என் காது, மூக்கு, கை, கழுத்து எல்லாம் தொட்டுக் காட்டி "நோ, நோ, நோ" என்றா. உலோகம் ஒன்றும் உடம்பில் இருக்கக் கூடாது. தோடு, மூக்குத்தி, காப்பு கழற்றுவதில் எனக்கு ஒன்றுமில்லை. கொடியை, அது கழுத்தில் ஏறின நாளிலிருந்து நான் கழற்றியதில்லை. அதற்கும் எங்களிடம் வழி இருக்கிறதுதானே. ஒப்பரேஷன் என்றால், கொடி திருத்தக் கொடுப்பதென்றால், மஞ்சள் பூசின நூலில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக் கழுத்தில் போட்டுவிட்டுத்தான் கொடியைக் கழற்றுவோம். ஒரு நிமிஷமும் கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது. வசந்திக்கு டெலிபோன் எடுத்து நூலும் மஞ்சளும் கொண்டுவரச் சொன்னேன். அவள் "ம்" என்றாள்.

அடுத்த நாள் வெறுங்கையோடு வந்தாள்.

"மறந்திட்டன் அம்மா."

"எனக்குத்தான் மறதி எண்டு படமெடுக்கினம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

கீழ் மாடியில், மெசின் அறைக்கு வெளியே ஒரு திரைக்குப் பின்னால் உடுப்பு மாற்றினோம். நான் என் நூல்சேலையின் முந்தானைக் கரையிலிருந்து நாலு நூலை இழுத்துத் திரித்தேன். மஞ்சள் இல்லாவிட்டால் போகட்டும், அவசரத்துக்கு நூல் போதும். வாட்டில் தந்த மருந்தால் கை நடுங்கியது, பின்கழுத்தில் முடிச்சுப் போட வரவில்லை. நூலை வசந்தியிடம் கொடுத்தேன்.

"இதைக் கட்டிப்போட்டுக் கொடியைக் கழட்டு பிள்ளை."

அவள் நூலை வாங்கினாள். என் பின்னால் போனாள். நூல் என் தொண்டையில் பட்டது. பிறகு பின்னுக்கு ஒரு அசைவும் இல்லை.

"கட்டன்."

"வேண்டாம் அம்மா."

"என்ன வேண்டாம்?"

"அவை விடமாட்டினம். கழுத்திலை ஒண்டும் இருக்கக் கூடாதாம்."

"நூல் இரும்போ?"

நான் யாரோடும் முந்திக் கதைக்கிறவள் இல்லை. அன்று திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, அங்கே நின்ற மெசின்காரப் பெடியனிடம் அந்த நூலின் ஒரு நுனியைத் தூக்கிக் காட்டினேன். கழுத்தையும் காட்டினேன். அவன் விரலால் தடவிப் பார்த்துவிட்டு "ஓகே, ஓகே" என்று தலையாட்டினான்.

நான் திரும்பினேன். மற்ற நுனி வசந்தியின் பிடிக்குள் இருந்தது. என்னை நிமிர்ந்து பார்க்காமல் நின்றாள். கண்ணீர் மூக்கு நுனியால் விழுந்துகொண்டிருந்தது.

வாயால் அவள் எனக்கு எத்தனையோ சொல்லிச் சமாளித்திருக்கிறாள். செத்துப்போன தகப்பனின் பெயரில் தாயின் கழுத்தில் நூல் முடிய மட்டும் அவளுக்குக் கை வரவில்லை.

"எப்ப?" என்று கேட்டேன்.

"போன மார்கழியிலை செய்தி வந்தது."

அது ஐப்பசி. நான் கணக்குப் பார்க்கவில்லை. கொடியை நானே தலைக்கு மேலால் கழற்றி அவளின் கையில் வைத்தேன். மெசின்காரப் பெடியன் கூப்பிட்டான், போனேன்.

அந்த மெசினைப் பற்றியும் எழுத வேண்டும், போகப் பயப்படுகிறவர்கள் இருப்பார்கள். அது ஒரு ஒடுங்கின குழாய். பலகையில் படுக்க வைத்துத் தலைக்குக் கூடு மாதிரி ஒன்றைப் பூட்டி உள்ளே தள்ளுவார்கள். கையில் ஒரு றப்பர் குமிழைத் தருவார்கள். பயம் வந்தால் அமத்தலாம். நோகாது. சத்தம்தான். தகரக் கூரையில் ஆள் நின்று சுத்தியலால் அடிக்கிற மாதிரி, நின்று நின்று அடிக்கும். அசையக் கூடாது. அசைந்தால் படம் கலங்கிவிடும், திரும்பவும் எடுக்க வேண்டும். ஆகவே நான் அழவில்லை. அழுதால் நெஞ்சு குலுங்கும். அப்படியும் கண்ணீர் தன் பாட்டுக்கு ஓடி இரண்டு காதுக்குள்ளும் போனது. துடைக்கக் கை எடுக்க முடியாது.

ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டு வந்தது. ஏன் பேப்பர் வரவில்லை. ஏன் ரேடியோ நின்றது. டெலிபோன் அடித்தால் ஏன் வசந்தி வயரை இழுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். ஏன் பொங்கல் இல்லை. ஏன் என்னைத் திருவெம்பாவைக்குக் கூட்டிப்போகவில்லை. எனக்குத் துடக்கு, சாவுத் தீட்டு. செத்தவீட்டுத் துடக்குக்காரியைக் கோயில் வாசலுக்குக் கொண்டுபோகப் பயந்திருக்கிறார்கள். கடவுளுக்குத் தெரியக் கூடாத துடக்கு என்று காத்தவர்கள், துடக்குக்காரிக்கே அதைச் சொல்லவில்லை. நான் அந்த மாதமெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு, அவருக்குச் சுகம் கேட்டு வீட்டுச் சாமிப்படத்துக்கு விளக்குக் கொளுத்தியிருக்கிறேன். அதைப் பார்த்துக்கொண்டு அவர்கள் எனக்குப் பின்னால் நின்றிருக்கிறார்கள்.

குமிழை நான் அமத்தவில்லை. படம் நன்றாக வந்தது என்று பெடியன் பெருவிரலைத் தூக்கிக் காட்டினான்.

வாட்டுக்கு வந்ததும் நேர்ஸுக்குச் சைகையால் குளிக்க வேண்டும் என்று காட்டினேன். செத்தவீட்டுச் செய்தி கேட்டால் முழுக வேண்டும். எவ்வளவு காலம் கழித்துக் கேட்டாலும் முழுக வேண்டும். அது நேர்ஸுக்கு எப்படித் தெரியும். அதுவரை என்னைக் குளிக்க வார்க்க அவர்கள் கெஞ்சுவார்கள். நானாகக் கேட்டதில் அவவுக்கு நல்ல சந்தோஷம். தலையில் தண்ணீர் வார்த்தேன், பொட்டை உரித்துக் குப்பைக்குள் போட்டேன். பிறகுதான் அறிந்தேன், அன்றைய பக்கத்தில் எனக்குச் சுகம் வரத் தொடங்கிவிட்டது என்று நேர்ஸ் எழுதிவைத்தாவாம். தானாகக் குளித்தா என்று.

ஈரத் தலையோடு கட்டிலில் வந்து இருந்தேன். இத்தாலிக்காரக் கிழவி என் கழுத்தைப் பார்த்தா. நெற்றியைப் பார்த்தா. தன் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து என் முழங்காலோடு முழங்கால் முட்ட இருந்து, என் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துத் தன் பாஷையில் ஒப்பாரி போல ஏதோ முணுமுணுக்கத் தொடங்கினா. எனக்கு வந்து துக்கம் விசாரித்த முதல் ஆள் அவதான். எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை.

பின்னேரம் மகளும் மருமகனும் வந்தார்கள். மருமகன் பிளாஸ்கில் கஞ்சி கொண்டுவந்திருந்தார். நான் அவரோடு நேரே நின்று கதைத்த பழக்கம் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"தம்பி, எங்கை செத்தவர்? எப்பிடிச் செத்தவர்?"

"மாமி, இப்ப உதுகளை யோசியாதேங்கோ. முதல்ல உடம்பைத் தேத்துங்கோ. பிறகு ஆறுதலாக் கதைப்பம்."

"வசந்தி, நீ சொல்லு."

"டொக்டர் அதிர்ச்சி ஒண்டும் குடுக்க வேண்டாமெண்டவர் அம்மா."

"எந்த டொக்டர்?"

சுகம் வந்தால் சொல்வோம் என்று அவர்கள் காத்திருந்தார்களாம். சொல்லாமல் வைத்திருக்க எனக்குச் சுகம் வரவில்லை. வராதபடியால் சொல்லவில்லை. இப்படியே பத்து மாதம் ஓட்டியிருக்கிறார்கள். அந்தக் கஞ்சியை நான் அன்று தொடவில்லை. மருமகன் பிளாஸ்கை மூடித் திறந்து மூடிக்கொண்டு நின்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் தொடவில்லை.

பெரிய டொக்டர் படத்தைக் காட்டக் கூப்பிட்டபோது, மகள் வேண்டாம், வேறு ஆள் வேண்டும் என்று நேர்ஸுக்குக் கையாலும் வாயாலும் சொன்னேன். அவர்களிடம் மொழி மாற்றிச் சொல்ல ஒரு தமிழ்ப் பிள்ளை சம்பளத்துக்கு இருந்திருக்கிறாள். அன்றுதான் அவளைக் கண்டேன். மட்டக்களப்புப் பிள்ளை.

வெளிச்சப் பலகையில் என் மூளையை வரிசையாகக் குத்தி வைத்திருந்தார்கள். முட்டைக்கோஸ் என்கிற முட்டைக்கோவாவைக் குறுக்கே வெட்டினால் தெரிகிற மாதிரி இருந்தது. உள்பக்கம் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள். டொக்டர் பேனையால் தொட்டுக் காட்டிச் சொன்னதை அந்தப் பிள்ளை எனக்குச் சொன்னாள். மூளைக்குள் மயிரளவு இரத்தக் குழாய்கள் ஓடுகின்றனவாம். வயதாலும் பிறஷராலும் அவை ஒடுங்கி இரத்தம் குறைந்த இடங்கள் இப்படி வெள்ளையாகத் தெரியுமாம். வயது போன கன பேருக்கு இருக்குமாம், ஒரு கரைச்சலும் தராமலும் இருக்குமாம். ஆனால் வயது போன பிறகு முதல்முதல் மனச்சோர்வு வருகிற ஆட்களில் இதைக் கூடக் காண்கிறார்களாம். புள்ளிகளால் சோர்வு வருகிறதோ, வந்த சோர்வு அவற்றால் கடுமையாகிறதோ என்று இன்னும் முடிவாகத் தெரியாதாம். மறதி வருத்தத்தில் சுருங்குகிற இடம் எனக்குச் சுருங்கவில்லையாம்.

"இவர் செத்ததும் உந்தப் படத்திலை தெரியுதோ எண்டு கேள் பிள்ளை" என்றேன்.

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள். பிறகு டொக்டருக்குச் சொன்னாள். டொக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தா. முதல் நாள் "வீட்டில் யாரும் இறந்தார்களா" என்றுதான் தான் கேட்டதென்றும், இல்லை என்று மகள் சொன்னதென்றும் சொன்னா. அலர்ஜி என்று எனக்குச் சொல்லப்பட்ட கேள்வி அதுதான். உங்களிடமே கேட்டிருக்க வேண்டும், இந்தப் பிள்ளையை முதல் நாளே கூப்பிட்டிருக்க வேண்டும், அது என் பிழை என்றா. வீட்டில் ஒருவரும் அதுவரை சொல்லாத சொல். என் தலைக்குள் காந்தம் விட்டுத் தேடினதை என் மகள் தன் வாய்க்குள் வைத்திருந்தாள்.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். விஷயம் தெரிந்துவிட்டது, இனி எழும்பிவிடுவேன் என்று நான் நினைத்தேன். எழும்பவில்லை. முதலில் இன்னும் மோசமானேன். துக்கம் வேறு, இந்த வருத்தம் வேறு, இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று குந்தியிருக்கிறது என்று டொக்டர் சொன்னா. மருந்துக் குளிசையை மாற்றினார்கள். வாய் காய்ந்தது, தலை சுற்றியது. கிழமைக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு காலையில் றொட்டித் துண்டு ருசித்தது. அவ்வளவுதான், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நித்திரை கொஞ்சம் வந்தது. குளிசை வேலை செய்தது. அதை இல்லையென்று சொல்ல மாட்டேன், இன்றும் போடுகிறேன். வேண்டாம் என்கிறவர்களுக்கும் போடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆசுப்பத்திரி எங்களிடம் காசு கேட்கவில்லை, அது எல்லாம் ஹெல்த் கார்ட்டில் போனது. கார் விட்ட இடத்துக்குக் கொடுத்த காசைப் பற்றித்தான் மருமகன் முணுமுணுத்தார்.

வீட்டுக்கு வந்தேன். துக்கம் விசாரிக்க ஆட்கள் வருவார்கள் என்று வெள்ளைச் சேலையோடு முன்னறையில் இருந்தேன். ஒருவரும் வரவில்லை. எல்லாரும் போன மார்கழியிலேயே வசந்தியிடம் வந்து, நான் நித்திரையாக இருக்கிற நேரம் பார்த்து, கட்டடத்தின் கீழே காருக்குள் வைத்து அழுதுவிட்டுப் போய்விட்டார்களாம். என் புருஷனின் செத்தவீடு என்னை விட்டுவிட்டு நடந்து முடிந்துவிட்டது.

இவரின் தமையன் ரெக்ஸ்டேலில் மகனோடு இருக்கிறார். பெரியத்தான் என்போம். அவருக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டேன். வசந்தி நிலத்தைப் பார்த்தாள்.

"பெரியப்பாவுக்கு இருதய ஒப்பரேஷன் செய்ததல்லே அம்மா. அவருக்கும் சொல்லேல்லை. தாங்க மாட்டார்."

"நான் தாங்கினன்தானே. கூட்டிக்கொண்டு வரச் சொல்லு."

பெரியத்தானின் மகன் டெலிபோனில் மறுத்தான். "சித்தி, அப்பாவுக்கு ஏதும் நடந்தால் நீங்கள் பொறுப்போ?" என்று கேட்டான். அந்த மனிதர் என் முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் என்ன செய்வேன் என்று எனக்கும் பயம்தான். பிள்ளைகளுக்கும் இந்தப் பயம்தானே வந்திருக்கும் என்று அப்போது விளங்கியது. விளங்கினபடியால் அவர்களை மன்னித்தேன் என்று இல்லை.

"ஓம் தம்பி. நான் பொறுப்பு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டிவந்தான். பெரியத்தான் தடியை ஊன்றிக்கொண்டு வாசலுக்குள் கால் வைத்தவர், என் நெற்றியைக் கண்டு அப்படியே நின்றார். நான் அவருக்கு முன்னால் ஒருநாளும் கதிரையில் இருந்ததில்லை, நிமிர்ந்து கதைத்ததில்லை. அன்று எழும்பிப் போய் அவருக்கு முன்னால் நின்று சொன்னேன்.

"அத்தான், உங்கடை தம்பி போன வருஷமே போயிட்டார். எனக்கும் சொல்லேல்லை. உங்களுக்கும் சொல்லேல்லை."

மகன் குளிசைப் போத்தலோடும் தண்ணீரோடும் ஓடிவந்தான்.

"உதை அங்காலை வை" என்றார் பெரியத்தான். கதிரையைத் தடவிப் பிடித்து இருந்தார். வாய் கோணி அழுதார். சத்தம் வரவில்லை. நானும் அழுதேன். அந்த மெசினுக்குள் அசையாமல் வைத்திருந்த அழுகை எல்லாம் அன்றுதான் வந்தது. பேத்தி அறை வாசலில் வந்து நின்று பார்த்தாள். மருமகன் அவளை உள்ளே கூப்பிட்டார். அவள் போகவில்லை.

கன நேரத்துக்குப் பிறகு பெரியத்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"முழுக்கச் சொல்லு பிள்ளை. எங்கை, என்ன வருத்தம், ஆர் பக்கத்திலை நிண்டது, ஆர் கொள்ளி வைச்சது?"

"எனக்கும் தெரியாது அத்தான். வசந்திக்குத்தான் தெரியும்."

வசந்தி குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் அவளைப் பார்த்தோம். அவள் கேத்திலை வைத்துவிட்டு வந்து எங்கள் காலடியில் நிலத்தில் இருந்தாள். மருமகன் ஏதோ சொல்ல வாய் எடுத்தார், அவள் கையைக் காட்டி நிற்பாட்டினாள். முதலிலிருந்து சொன்னாள். இடம்பெயர்ந்து போன வழியில் மழையில் நனைந்தது, சீனி வருத்தத்துக்குப் போடுகிற மருந்து முடிந்தது, காலில் புண் வந்து காய்ச்சல் ஏறியது, ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் கிடந்தது, கூடப் போன அயல்வீட்டுக்காரரே கொள்ளி வைத்தது, அவர் கொழும்புக்கு வந்த பிறகு டெலிபோன் எடுத்தது எல்லாம் சொன்னாள். பெரியத்தான் இடையிடையே கேட்டார். தெரிந்ததற்கெல்லாம் பதில் சொன்னாள்.

எனக்கு ஒன்றுதான் கேட்க இருந்தது. அத்தனை பேருக்கு முன்னால் கேட்கக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"கடைசி நேரம் என்னைத் தேடினவராமோ?"

வசந்தி என் முகத்தைப் பார்த்தாள். "ஓம்" என்று சொல்ல அவளுக்கு ஒரு நொடி போதும். மருமகனும் அதைத்தான் எதிர்பார்த்து நின்றார். நானும் எதிர்பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"தெரியாதம்மா" என்றாள். "அந்த ஆள் அதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை."

அவள் சொன்னதை நான் நம்பினேன்.